பந்தயக் காரின் இறக்கை: காற்றில் தொடங்கி கார்பன் அச்சு வரை ஓர் எளிய விளக்கம்

ஃபார்முலா 1 பற்றித் தமிழில் வெளிவரும் காணொளிகளிலும் செய்திகளிலும் ‘ஏரோடைனமிக்ஸ்’ (ஓடும் பொருளின் மேல் காற்று செலுத்தும் விசைகளைப் பற்றிய இயல்) என்ற சொல் ஏறக்குறைய எல்லாக் கேள்விகளுக்கும் விடையாகப் பயன்படுகிறது. ஓர் அணி வென்றால் அதன் ஏரோடைனமிக்ஸ் சிறப்பு, தோற்றால் அதில்தான் கோளாறு. அந்த இறக்கைகளும் தகடுகளும் எதற்காக இருக்கின்றன என்று கேட்டால், ‘காற்றைக் கிழித்துக்கொண்டு வேகமாகப் போவதற்காக’ என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. இது உண்மைக்கு நேர் எதிரான பதில்.

ஒரு வடிவம் காற்றில் எவ்வளவு தடைபடுகிறது என்பதை, அதன் அளவைக் கணக்கில் கொள்ளாமல் ஒப்பிட உதவும் எண்ணைக் காற்றுத்தடைக் கெழு என்கிறார்கள். இன்றைய குடும்பக் கார்களுக்கு அது சுமார் 0.25 முதல் 0.35 வரை இருக்கும். ஃபார்முலா 1 காருக்கோ, இறக்கைகளை வைக்கும் விதத்தைப் பொறுத்து, 0.7 முதல் 1 வரை போகும். திறந்த சக்கரங்கள் இதற்கு ஒரு காரணம் என்றாலும் இறக்கைகளின் பங்கும் பெரியது. காற்றைக் கிழிப்பதுதான் நோக்கமென்றால் அந்த இறக்கைகளைக் கழற்றி எறிந்துவிட்டாலே கார் நேர்ச்சாலையில் இன்னும் வேகமாக ஓடும். ஆனாலும் எந்த அணியும் அப்படிச் செய்வதில்லை. ஏன் செய்வதில்லை என்பதிலிருந்து தொடங்கினால் இந்தப் பாகங்களின் வடிவமும் அவற்றைத் தயாரிக்கும் முறையும் தாமாகவே புரியத் தொடங்கும்.

எடையில்லாத சுமை

கார் திரும்புவதும் நிற்பதும் முடுக்கம் பெறுவதும் நான்கு டயர்கள் சாலையைத் தொடும் சிறிய பரப்புகளின் வழியாகத்தான். ஒரு டயர் எவ்வளவு பக்கவாட்டு விசையைத் தாங்கும் என்பது இரண்டு விஷயங்களைப் பொறுத்தது: ரப்பருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வு, அந்த டயரைச் சாலையோடு அழுத்தும் சுமை. சுமை கூடினால் பிடிப்பும் கூடும். அப்படியானால் காரில் மணல் மூட்டைகளை ஏற்றிப் பிடிப்பைக் கூட்டலாமே என்று தோன்றலாம். அது பலிக்காது. மூட்டையின் எடை டயரை அழுத்துவது உண்மைதான். ஆனால் அந்தக் கூடுதல் நிறையையும் சேர்த்தே வளைவில் திருப்ப வேண்டியிருப்பதால், கிடைத்த லாபம் அங்கேயே செலவாகிவிடுகிறது.

நிறையைக் கூட்டாமல் சுமையை மட்டும் கூட்ட முடிந்தால் கணக்கே மாறிவிடும். காற்றைக் கொண்டு காரைக் கீழ்நோக்கி அழுத்தும் இந்த விசையின் பெயர் டவுன்ஃபோர்ஸ். ஒரு சிறிய கணக்கைப் பார்க்கலாம். உராய்வுக் கெழு (டயரின் பிடிப்பு அதன் மேலுள்ள சுமையைப் போல எத்தனை மடங்கு என்ற எண்) 1.5 என்றும் வளைவின் ஆரம் 100 மீட்டர் என்றும் வைத்துக்கொண்டால், டவுன்ஃபோர்ஸ் இல்லாத கார் அந்த வளைவை மணிக்குச் சுமார் 138 கி.மீ. வேகத்தில் கடக்கலாம், அதைத் தாண்டினால் வெளியே வழுக்கும். அதே கார் தன் எடைக்குச் சமமான டவுன்ஃபோர்ஸையும் பெற்றிருந்தால் அந்த எல்லை மணிக்குச் சுமார் 195 கி.மீ. ஆகிவிடும். சுமை கூடக் கூட ரப்பரின் உராய்வுக் கெழு சற்றுக் குறையும் என்பதால் நடைமுறையில் இந்த லாபம் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். இருந்தாலும், ஒரே வளைவில் ஐம்பது கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேறுபாடு என்பது நேர்ச்சாலையில் காற்றுத்தடையால் இழக்கும் வேகத்தைப் பல மடங்கு ஈடுகட்டிவிடும்.

டவுன்ஃபோர்ஸ் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும், வேகம் பாதியானால் விசை கால்பங்காகும். அதனால்தான் மணிக்கு 50 கி.மீ. அளவில் கடக்கப்படும் மொனாக்கோவின் கொண்டை ஊசி வளைவில் இறக்கைகள் பெரும்பாலும் அலங்காரமாகவே நிற்கின்றன. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் தடத்திலுள்ள காப்ஸ் போல, மணிக்கு 250 கி.மீ.க்கு மேல் கடக்கும் வளைவுகளிலோ காரைச் சாலையோடு பிடித்து வைத்திருப்பதே அவைதான். அத்தகைய வளைவில் பயந்துபோய் வேகத்தைக் குறைக்கும் ஓட்டுநருக்குப் பிடிப்பும் சேர்ந்தே குறையும் என்பது, இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்கள் எளிதில் நம்ப மறுக்கும் செய்தி.

இதுவரை பார்த்ததன் சாரம் இது: இறக்கை காரை வேகமாக ஓட வைப்பதில்லை, வேகமாகத் திரும்ப வைக்கிறது. காற்றுத்தடை அதற்குக் கொடுக்கும் விலை.

காற்று எப்படி அழுத்துகிறது

மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் உட்கார்ந்து, ஒரு பிளைவுட் பலகையைத் தலைக்கு மேல் கிடையாகப் பிடித்தபடி கொண்டுபோனவர்களுக்கு இந்த விசையின் முதல் பாடம் ஏற்கெனவே தெரியும். பலகையின் முன்விளிம்பு சற்று மேலே எழும்பினால் அது கையைப் பிய்த்துக்கொண்டு பறக்கப் பார்க்கும். முன்விளிம்பு சற்றுத் தாழ்ந்தால் தலையில் வந்து அழுத்தும். எப்படிப் பிடித்தாலும் பின்னோக்கி இழுக்கும். இரண்டாவது நிலையில் இருக்கும் பலகைதான் பந்தயக் காரின் இறக்கை: வரும் காற்றை அது மேல்நோக்கித் திருப்பி அனுப்புகிறது, அதற்கு எதிர்வினையாகத் தான் கீழே தள்ளப்படுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதியிலேயே கதையின் பாதி முடிந்துவிடுகிறது.

ஆனால் இந்த ஒப்புமை ஓரிடத்தில் நம்மைத் தவறான வழியில் இழுத்துச் செல்கிறது. பலகையின் மேற்பரப்பில் காற்று மோதி அதைத் தள்ளுகிறது என்றுதான் நாம் உணர்கிறோம். உண்மையில் நன்கு வடிவமைக்கப்பட்ட இறக்கையில் விசையின் பெரும்பகுதி அடிப்பரப்பில் உருவாகும் குறைந்த அழுத்தத்திலிருந்து வருகிறது. மேலே தள்ளுவதைவிடக் கீழே உறிஞ்சுவதே அதிகம் என்று சொல்லலாம்.

அடிப்பரப்பில் ஏன் அழுத்தம் குறைகிறது? பள்ளிப் பாடங்களில் அடிக்கடி வரும் விளக்கம் இப்படிப் போகும்: இறக்கையின் ஒரு பக்கம் நீளமானது, மறுபக்கம் குட்டையானது; முன்விளிம்பில் பிரிந்த காற்றுத்துகள்கள் பின்விளிம்பில் ஒரே நேரத்தில் சந்திக்க வேண்டும்; ஆகவே நீளமான பக்கத்தில் செல்லும் காற்று வேகமாக ஓடுகிறது; வேகம் கூடினால் அழுத்தம் குறையும் என்பது பெர்னூலி விதி. இதில் பெர்னூலி விதி சரியானது. ஒரே நேரத்தில் சந்திக்க வேண்டும் என்பதுதான் கட்டுக்கதை. பிரிந்த துகள்களுக்கு அப்படி எந்த ஒப்பந்தமும் கிடையாது, அவை சந்திப்பதும் இல்லை.

உண்மையான காரணம் வளைவு. எந்தப் பொருளும் வளைந்த பாதையில் செல்ல வேண்டுமானால் அந்த வளைவின் மையத்தை நோக்கி ஒரு விசை தேவை. காற்றுக்கு அந்த விசையைக் கொடுக்கக்கூடியது அழுத்த வேறுபாடு மட்டுமே. இறக்கையின் கீழே ஓடும் காற்று, அதன் குவிந்த அடிப்பரப்பைத் தொடர்ந்து மேல்நோக்கி வளைகிறது. அந்த வளைவின் மையம் மேலே, இறக்கையின் பக்கம் இருக்கிறது. ஆகவே இறக்கையிலிருந்து தள்ளியிருக்கும் காற்றில் சாதாரண வளிமண்டல அழுத்தமும், இறக்கையை ஒட்டிய இடத்தில் அதைவிடக் குறைந்த அழுத்தமும் இருந்தால்தான் அந்தக் காற்று அப்படி வளைய முடியும். குறைந்த அழுத்தப் பகுதிக்குள் நுழையும் காற்று வேகம் பெறுகிறது. வேகம் இங்கே விளைவாக வருகிறது. அதையே காரணமாகச் சொல்வதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

அடிப்பரப்பு எவ்வளவு முக்கியம் என்பதைக் கண்ணால் காண விரும்பினால், நடிகர் அஜித்குமாரின் அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் ஓட்டிய போர்ஷே 911 ஜிடி3 கப் காரின் படத்தை எடுத்துப் பாருங்கள். அதன் பின் இறக்கையைத் தாங்கும் இரண்டு கைகளும் கீழிருந்து முட்டுக் கொடுக்கவில்லை. அன்னத்தின் கழுத்தைப் போல மேலே எழும்பி, வளைந்து, இறக்கையின் மேற்பரப்பைப் பிடித்துத் தொங்கவிட்டிருக்கின்றன. அழகுக்காக அப்படிச் செய்யவில்லை. தாங்கிகள் கீழே இருந்தால், அதிக வேலை செய்யும் அடிப்பரப்பில் ஓடும் காற்றை அவை குலைத்துவிடும். மேற்பரப்பில் ஏற்படும் குலைவால் இழப்பு குறைவு.

எல்லை எங்கே வருகிறது

இறக்கையை மேலும் மேலும் சாய்த்தால் டவுன்ஃபோர்ஸ் கூடிக்கொண்டே போகுமா? ஓர் அளவு வரைதான். அடிப்பரப்பின் நடுவில் மிகக் குறைந்த அழுத்தத்தைச் சந்தித்த காற்று, பின்விளிம்பை நெருங்கும்போது மீண்டும் வளிமண்டல அழுத்தத்துக்கு ஏறியாக வேண்டும். அது மேட்டில் ஏறுவதற்கு ஒப்பானது. பரப்பை ஒட்டிய மெல்லிய காற்றடுக்கு உராய்வால் ஏற்கெனவே வேகமிழந்திருப்பதால், மேடு செங்குத்தாக இருந்தால் அதற்கு ஏறும் வலு இருக்காது. பரப்பை விட்டு விலகிச் சுழல்களாகச் சிதறும். இதற்குப் பிரிவு என்று பெயர். பிரிவு நேர்ந்ததும் டவுன்ஃபோர்ஸ் சரியும், காற்றுத்தடை எகிறும்.

ஒரே இறக்கையாகத் தெரிவது பல மடல்களாகவும், மடல்களுக்கு இடையே சிறு இடைவெளிகளோடும் அமைக்கப்படுவது இதனால்தான். மேற்பக்கத்து உயரழுத்தக் காற்றில் ஒரு பகுதி அந்த இடைவெளி வழியாகப் பாய்ந்து, அடுத்த மடலின் அடிப்பரப்பில் களைத்துப்போன காற்றடுக்குக்குப் புது வேகம் கொடுக்கிறது. பிரிவு தள்ளிப் போடப்படுகிறது. அதிகம் சாய்க்க முடிகிறது. இடைவெளி சில மில்லிமீட்டர் மாறினாலும் இந்த ஏற்பாடு கெட்டுவிடும் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. தயாரிப்பைப் பற்றிப் பேசும்போது அது திரும்ப வரும்.

தரையும் ஒரு பாகம்தான்

தொலைக்காட்சியில் தெரிவது இறக்கைகள் என்பதால் எல்லாப் புகழும் அவற்றுக்கே போகிறது. 2022 முதல் 2025 வரையிலான ஃபார்முலா 1 கார்களில் டவுன்ஃபோர்ஸின் மிகப் பெரிய பங்கைத் தந்தது யார் கண்ணிலும் படாத அடித்தளம்.

காரின் அடித்தளத்துக்கும் சாலைக்கும் இடையே ஒரு குறுகிய வழி உண்டாகிறது. அதன் வழியாகப் போகும் காற்று வேகமெடுத்து அழுத்தம் குறைகிறது. இறக்கையைவிடப் பல மடங்கு பரப்பு கொண்ட அடித்தளம் முழுவதும் அந்தக் குறைந்த அழுத்தத்தால் கீழே இழுக்கப்படுகிறது. பின்பக்கத்தில் அடித்தளம் மெல்ல மேலே ஏறி வழியை அகலமாக்கும் பகுதிக்கு டிஃப்யூசர் என்று பெயர். அது காற்றைப் படிப்படியாக வேகம் குறைத்து வளிமண்டல அழுத்தத்துக்குத் திருப்பிக் கொண்டுவருகிறது. அதனால்தான் முன்னால் உள்ள குறுகிய இடத்தில் அவ்வளவு குறைந்த அழுத்தத்தைத் தொடர்ந்து நிலைநிறுத்த முடிகிறது. தரை அருகில் இருப்பதால் கிடைக்கும் இந்த விளைவுக்குத் தரைவிளைவு என்று பெயர்.

காலின் சாப்மனின் லோட்டஸ் அணி 1977-இல் லோட்டஸ் 78 காரில் இதை முழுமையாகக் கையாண்டது. அடுத்த ஆண்டு வந்த லோட்டஸ் 79 காரில் மாரியோ ஆண்ட்ரெட்டி உலகச் சாம்பியன் ஆனார். பக்கங்களிலிருந்து காற்று உள்ளே கசியாமல் இருக்க, சாலையைத் தொட்டபடி நழுவும் பாவாடைத் தகடுகளை அவர்கள் பயன்படுத்தினார்கள். அதே 1978-இல் பிராபம் அணி இன்னும் ஒரு படி மேலே போய், காரின் பின்னால் ஒரு பெரிய விசிறியைப் பொருத்தி அடியிலிருந்த காற்றையே உறிஞ்சியது. ஸ்வீடனில் நிக்கி லாடா அதை ஓட்டி வென்றார், அந்தக் கார் மீண்டும் பந்தயத்துக்கு வரவே இல்லை. தகடு உடைந்து காற்று உள்ளே கசிந்தால் ஒரு நொடியில் பிடிப்பு மொத்தமும் போய்விடும் என்ற ஆபத்து தெளிவானபின், 1983 முதல் சக்கரங்களுக்கு இடையே அடித்தளம் தட்டையாக இருக்க வேண்டும் என்று விதி வந்தது.

2022-இல் தரைவிளைவு மீண்டும் அனுமதிக்கப்பட்டபோது, அதனோடு பழைய நோயும் திரும்பி வந்தது. வேகம் கூடக் கூட கார் கீழே இழுக்கப்படுகிறது; மிகவும் தாழ்ந்ததும் வழி அடைபட்டுக் காற்றோட்டம் குலைகிறது; இழுவிசை போனதும் கார் எழும்புகிறது; எழும்பியதும் விசை திரும்பி வந்து மீண்டும் இழுக்கிறது. நேர்ச்சாலையில் கார்கள் நொடிக்குப் பலமுறை குதித்த காட்சிக்கு இதுதான் காரணம். அந்த ஆண்டு அஸர்பைஜான் பந்தயம் முடிந்ததும் லூயிஸ் ஹாமில்டன் முதுகைப் பிடித்துக்கொண்டு காரிலிருந்து இறங்கியதைப் பலரும் பார்த்திருப்பார்கள். 2023-இல் அடித்தளத்தின் ஓரங்களை 15 மி.மீ. உயர்த்தச் சொல்லி விதி மாற்றப்பட்டது. பதினைந்து மில்லிமீட்டர் ஒரு பெரிய மாற்றமாகக் கருதப்படும் துறை இது.

தனித்தனியாகக் கூட்ட முடியாது

இறக்கை இவ்வளவு, அடித்தளம் இவ்வளவு என்று தனித்தனியாகக் கணக்கிட்டுக் கூட்டினால் மொத்த விடை வந்துவிடாது. முன் இறக்கையைத் தொட்ட காற்றுதான் பின்னாலுள்ள எல்லாப் பாகங்களுக்கும் போய்ச் சேர்கிறது. சுழலும் முன்சக்கரம் கிளப்பும் கலங்கிய காற்றை அடித்தளத்துக்குள் புகவிடாமல் வெளியே திருப்புவதும் முன் இறக்கையின் வேலைகளில் ஒன்று. ஆகவே முன் இறக்கையில் சிறிது டவுன்ஃபோர்ஸைக் கூட்டப் போய் அடித்தளத்தில் அதைவிட அதிகமாக இழப்பது வெகு சாதாரணம். ‘அந்த அணியின் இறக்கையை இந்த அணி காப்பியடித்துவிட்டது’ என்று எழுதுவது எளிது. ஆனால் இன்னொரு காரின் காற்றோட்டத்துக்காகச் செதுக்கப்பட்ட இறக்கை நம் காரில் பெரும்பாலும் பாரமாகத்தான் முடியும்.

விசை எங்கே விழுகிறது என்பதும் அதே அளவுக்கு முக்கியம். 1971-இல் அமெரிக்க ஓட்டுநரும் கார் தயாரிப்பாளருமான டான் கர்னி, பின் இறக்கையின் பின்விளிம்பில் செங்குத்தாக ஒரு சிறிய தகட்டுப் பட்டையைப் பொருத்திப் பார்த்தார். அது பின்பக்க டவுன்ஃபோர்ஸை நன்றாகவே கூட்டியது. ஆனால் சோதனையில் காரை ஓட்டிய பாபி அன்சரின் சுற்று நேரம் குறையவில்லை. பின்பக்கம் அளவுக்கு மீறி ஒட்டிக்கொண்டதால் முன்பக்கம் திரும்ப மறுத்ததுதான் சிக்கல். முன்பக்கத்தையும் அதற்கு ஈடாகச் சரிசெய்தபின்தான் பட்டையின் பயன் வெளிப்பட்டது. இன்றும் அது கர்னி மடல் என்றே அழைக்கப்படுகிறது.

இரண்டு செய்திகளை இங்கே முடிந்து வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பாகமும் தனக்குப் பின்னால் இருப்பவற்றின் காற்றைத் தீர்மானிக்கிறது. மொத்த டவுன்ஃபோர்ஸ் எவ்வளவு என்பதோடு, அது முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதும் சேர்ந்துதான் காரின் நடத்தை அமைகிறது.

திரையில், சுரங்கத்தில், தடத்தில்

புதிய இறக்கை ஒன்று கணினியில் வரையப்பட்டதும், காற்றோட்டத்தைக் கோடிக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் அழுத்தத்தையும் வேகத்தையும் கணினியே கணக்கிட்டுப் பார்க்கிறது. இதைச் சுருக்கமாக சிஎஃப்டி என்கிறார்கள். மலிவு, விரைவு, காற்றின் ஒவ்வொரு இழையையும் படமாகப் பார்க்கலாம் என்ற வசதிகள் இதில் உண்டு. ஆனால் சுழல்களையும் பிரிவையும் அது தோராயமாகத்தான் கணிக்கும். 2010-இல் ஃபார்முலா 1-க்குள் வந்த வர்ஜின் அணி, காற்றுச் சுரங்கமே வேண்டாம் என்று தன் காரை முழுக்க முழுக்க சிஎஃப்டியை நம்பி வடிவமைத்தது. அந்த ஆண்டு முழுவதும் அதற்கு ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை. பணமும் அனுபவமும் குறைந்த புதிய அணி என்பதையும் சேர்த்தே இந்தத் தோல்வியை எடைபோட வேண்டும். ஆனாலும் அந்தப் பாதையில் வேறு யாரும் நடக்கவில்லை.

காற்றுச் சுரங்கம் என்பது அசையாத மாதிரிக் காரின் மேல் பெரிய விசிறியால் காற்றை ஓட்டி, அதன் மேல் விழும் விசைகளை அளக்கும் கூடம். ஃபார்முலா 1 விதிப்படி மாதிரி, உண்மைக் காரின் 60 சதவீத அளவுக்கு மேல் இருக்கக்கூடாது. காற்றின் வேகம் நொடிக்கு 50 மீட்டரை, அதாவது மணிக்கு 180 கி.மீ.யைத் தாண்டக்கூடாது. மாதிரியின் அடியில் தரை அசையாமல் இருந்தால் கணக்கு தவறிவிடும். உண்மைத் தடத்தில் சாலையும் அதன் மேலுள்ள காற்றும் ஒன்றுக்கொன்று நிலையாக இருக்கின்றன, கார்தான் இரண்டையும் கடந்து போகிறது. ஆகவே சுரங்கத்தின் தரையும் காற்றின் அதே வேகத்தில் பின்னோக்கி ஓடும் பெல்ட்டாக அமைக்கப்படுகிறது. மாதிரிக்கான பாகங்களைப் பெரும்பாலும் முப்பரிமாண அச்சு இயந்திரங்கள் செய்துவிடுகின்றன. அழுத்தத்தை அளக்கும் நுண்துளைகளையும் அவற்றுக்குள்ளேயே வைத்து அச்சிட்டுவிடலாம்.

எவ்வளவு நேரம் சோதிக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு, அது எல்லோருக்கும் ஒன்றாக இல்லை என்பதுதான் சுவையானது. 2022 முதல், அணிகளுக்கான சாம்பியன் பட்டம் வென்ற அணிக்கு அடிப்படை அளவில் 70 சதவீதமும் பத்தாவது இடத்து அணிக்கு 115 சதவீதமும் அனுமதிக்கப்பட்டன. வென்றவருக்குக் கையைக் கட்டிவிடும் இந்த ஏற்பாடு எனக்கு நியாயமாகவே படுகிறது. ஒவ்வொரு சோதனையும் விலைமதிப்புள்ளதாகிவிடுவதால், எதைச் சோதிப்பது என்று தீர்மானிக்கும் அறிவுக்கு மதிப்புக் கூடுகிறது.

கடைசியில் தடம். பயிற்சிச் சுற்றுகளில் சில கார்கள் பளிச்சென்ற பச்சை நிறச் சாயம் பூசிக்கொண்டு வருவதைப் பார்த்திருக்கலாம். ஒளிரும் பொடியை பாரஃபின் போன்ற மெல்லிய எண்ணெயில் கலந்து அடிக்கிறார்கள். கார் ஓடும்போது எண்ணெய் ஆவியாகி, காற்று சென்ற வழியைப் பொடி கோடுகளாகக் காட்டிவிடுகிறது. காற்று ஒட்டி ஓடிய இடத்தில் கோடுகள் வரிசையாக இருக்கும். பிரிந்த இடத்தில் குழம்பித் தேங்கி நிற்கும். திரையும் சுரங்கமும் சொன்னதும் இந்தக் கோடுகள் சொல்வதும் பொருந்தினால்தான் அந்த அணி தன் கருவிகளை நம்ப முடியும்.

வடிவத்தைப் பொருளாக்குதல்

இனி தயாரிப்பு. கணினியில் இருக்கும் பரப்பு எவ்வளவு நுட்பமாக இருந்தாலும், அதையே மில்லிமீட்டரின் சிறு பின்னம் பிசகாமல் கையில் பிடிக்கும் பொருளாக மாற்ற வேண்டும். வலப்பக்கமும் இடப்பக்கமும் ஒத்திருக்க வேண்டும். அடுத்த மாதம் செய்யும் மாற்றுப் பாகமும் இதைப் போலவே இருக்க வேண்டும்.

இறக்கைகள் கார்பன் இழையால் செய்யப்படுகின்றன. ஓர் இழையின் தடிமன் 5 முதல் 7 மைக்ரான், தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு. ஆயிரக்கணக்கான இழைகளைச் சேர்த்து நெய்த துணியோ, ஒரே திசையில் அடுக்கிய பட்டையோதான் மூலப்பொருள். அதை இறுகப் பிணைக்கும் பசைப்பொருள் ரெசின். சரியான அளவு ரெசின் ஏற்கெனவே ஏற்றப்பட்ட துணிக்கு ப்ரீப்ரெக் என்று பெயர். அது அறை வெப்பத்தில் மெல்ல இறுகத் தொடங்கிவிடும் என்பதால் −18 டிகிரி செல்சியஸ் அளவில் உறைபெட்டியில் வைக்கிறார்கள். எடையைக் கணக்கில் கொண்டால் இதன் விறைப்பு எஃகையும் அலுமினியத்தையும் மிஞ்சும். ஆனால் இழையின் திசையில்தான் அந்த வலு; குறுக்கே இழுத்தால் ரெசினின் வலு மட்டுமே மிஞ்சும். ஆகவே எந்த அடுக்கை எந்தக் கோணத்தில் வைப்பது என்பதும் வடிவமைப்பின் ஒரு பகுதியாகிறது.

முதலில் எபாக்ஸிப் பலகைக் கட்டியை ஐந்து வழிகளில் அசைந்து வெட்டும், கணினி இயக்கும் சிஎன்சி இயந்திரத்தில் கடைந்து, இறக்கையின் வடிவிலேயே ஒரு பேட்டர்ன் செய்கிறார்கள். அதன் மேல் கார்பனைப் படியவைத்து இறுக வைத்தால் அச்சு கிடைக்கும். அந்த அச்சுக்குள்தான் உண்மையான பாகம் பிறக்கிறது. உலோகத்திலேயே அச்சைக் கடைந்துவிட்டால் ஒரு படி மிச்சமாகுமே என்று கேட்கலாம். சிறிய பாகங்களுக்கு அப்படியும் செய்வார்கள். பெரிய பாகத்தில் வெப்பம் குறுக்கே நிற்கிறது. 2 மீட்டர் நீள அலுமினிய அச்சை 100 டிகிரி சூடாக்கினால் அது ஏறத்தாழ 4.6 மி.மீ. நீளும். கார்பனோ ஏறக்குறைய நீளவே நீளாது. நீண்ட அச்சில் இறுகிய பாகம் குளிர்ந்த பிறகு எந்த அளவுக்கும் பொருந்தாது. கார்பன் பாகத்துக்குக் கார்பன் அச்சு என்ற வழக்கம் இதிலிருந்து வந்தது.

அடுத்த கட்டம் தூசியில்லாத அறையில் கையால் நடக்கிறது. கணினி வெட்டிக் கொடுத்த துணித்துண்டுகள் ஒவ்வொன்றுக்கும் எண்ணும் கோணமும் உண்டு. எது எங்கே படிய வேண்டும் என்பதைக் கூரையிலிருந்து லேசர் கோடு அச்சின் மேல் வரைந்து காட்டும். ஒவ்வொரு துண்டின் மேலும் ஒரு பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கும். அதை உரித்துவிட்டுத்தான் அடுத்த துண்டை வைக்க வேண்டும். ஒரு படலம் தவறுதலாக உள்ளே தங்கிவிட்டால் அந்த இடத்தில் இரண்டு அடுக்குகளும் ஒட்டவே ஒட்டாது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியவும் செய்யாது. அதனால் உரித்த படலங்களைக் குப்பையில் போடாமல் சேர்த்து வைத்து, கடைசியில் துண்டுகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டு எண்ணிப் பார்க்கும் வழக்கம் உண்டு. கணினியும் லேசரும் நிறைந்த அறையில் நம்பிக்கை இந்த எண்ணிக்கையின் மேல்தான் நிற்கிறது.

சில அடுக்குகளுக்கு ஒருமுறை மேலே பையைப் போர்த்திக் காற்றை உறிஞ்சி, இடையில் சிக்கிய காற்றுக் குமிழ்களை வெளியேற்றுகிறார்கள். எல்லா அடுக்குகளும் முடிந்ததும் அச்சோடு சேர்த்து வெற்றிடப் பையில் அடைத்து ஆட்டோகிளேவில் வைக்கிறார்கள். ஆட்டோகிளேவ் என்பது உயர் அழுத்தத்தில் இயங்கும் பெரிய அடுப்பு. ரெசினின் வகையைப் பொறுத்து 120 முதல் 180 டிகிரி வரை வெப்பமும், வளிமண்டல அழுத்தத்தைப் போல ஆறேழு மடங்கு அழுத்தமும் கொடுத்து, சில மணி நேரம் வைத்தால் ரெசின் இளகிப் பரவி, பிறகு நிரந்தரமாக இறுகிவிடும். குளிரும்போது வளைந்த மூலைகளின் கோணம் சற்றுச் சுருங்கும். அனுபவமுள்ளவர்கள் அந்தச் சுருக்கத்தை முன்கூட்டியே கணித்து அச்சின் கோணத்தைத் திருத்தி வைத்திருப்பார்கள்.

இறக்கையின் மேல்பாதியும் கீழ்பாதியும் தனித்தனியாகச் செய்யப்பட்டு, உள்ளே ஒரு குறுக்குத்தண்டோடு சேர்த்து ஒட்டப்படுகின்றன. மடல்களுக்கு இடையிலான சில மில்லிமீட்டர் இடைவெளி இங்கேதான் உயிர் பெறுகிறது, அல்லது கெட்டுப்போகிறது. அதனால் ஒட்டும்போது பாகங்களை அசையாமல் பிடிக்கும் சட்டம்கூட அச்சின் அளவுக்குத் துல்லியமாகக் கடையப்படுகிறது. பிறகு அளவுமானிகளால் பரப்பைச் சரிபார்த்து, உள்ளே பிரிந்திருக்கிறதா என்று மீயொலியால் தேடுகிறார்கள். ஒரு நாணயத்தால் மெல்லத் தட்டிக் கேட்பதும் இன்னும் நடக்கும் சோதனைதான். நன்கு ஒட்டிய இடம் கணீரென்றும், பிரிந்த இடம் மந்தமாகவும் ஒலிக்கும்.

வளையலாமா, எவ்வளவு வளையலாம்

இறக்கை உடைந்தால் என்ன ஆகும் என்பதை 1969 மே மாதம் பார்சிலோனாவின் மோன்ட்ஜுயிக் தடம் காட்டியது. அப்போதைய இறக்கைகள் மெல்லிய உயரக் கால்களின் மேல், நேரடியாகச் சக்கரத் தாங்கிகளோடு இணைக்கப்பட்டிருந்தன. ஒரே பந்தயத்தில், ஒரே மேட்டில், லோட்டஸ் அணியின் கிரஹாம் ஹில், யோகன் ரிண்ட் இருவரின் பின் இறக்கைகளும் முறிந்தன. ரிண்ட் காயமடைந்தார். அடுத்து நடந்த மொனாக்கோ பந்தயத்தின்போதே உயர இறக்கைகள் தடை செய்யப்பட்டன. ஓடும்போது நகரும் காற்றியக்கப் பாகங்களும் விதிக்கு வெளியே போயின.

ஆனால் முற்றிலும் வளையாத பொருள் எதுவும் உலகில் இல்லை. அந்த உண்மைக்குள்தான் இன்றைய போட்டி ஒளிந்திருக்கிறது. நேர்ச்சாலையின் உச்ச வேகத்தில் மடல் சற்றுப் படுத்துக்கொண்டால் காற்றுத்தடை குறையும். வளைவுக்கு வேகம் தணிந்ததும் அது நிமிர்ந்துகொண்டால் டவுன்ஃபோர்ஸ் குறையாது. கார்பன் அடுக்குகளின் கோணத்தைத் தேர்ந்தெடுப்பதன் மூலம், ஒரு திசையில் விறைப்பாகவும் இன்னொரு திசையில் இணக்கமாகவும் இருக்கும் இறக்கையைச் செய்துவிடலாம். இதை ஏமாற்று வேலை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். விதியில் எழுதப்பட்ட சோதனையில் தேறிய பாகத்தை அப்படிச் சொல்வது சரியில்லை என்பது என் எண்ணம். குறை இருந்தால் அது சோதனையில் இருக்கிறது. விதி வகுக்கும் சர்வதேச அமைப்பான எஃப்ஐஏவும் அப்படித்தான் நடந்துகொள்கிறது. 2021-இல் பின் இறக்கைகளில் புள்ளிகளை ஒட்டி, காரின் கேமரா வழியாக அவை எவ்வளவு நகர்கின்றன என்று கவனித்தது. 2025 ஸ்பெயின் பந்தயம் முதல், முன் இறக்கையின் இரு பக்கங்களிலும் 100 கிலோ சுமை வைத்தால் 15 மி.மீ. வரை வளையலாம் என்றிருந்த வரம்பை 10 மி.மீ. ஆகக் குறைத்தது.

2026-க்கான விதிகள் இந்தக் கண்ணாமூச்சியை வேறு திசைக்குக் கொண்டுபோயிருக்கின்றன. முன் இறக்கையின் மடல்களும் பின் இறக்கையின் மடல்களும் நேர்ச்சாலையில் படுத்து, வளைவுக்கு முன் எழுந்து நிற்க அனுமதி கிடைத்திருக்கிறது. அடுக்குகளின் கோணத்தால் மறைமுகமாகச் சாதிக்கப் பார்த்ததை இப்போது கீல்களும் இயக்கிகளும் வெளிப்படையாகச் செய்கின்றன. அதோடு தயாரிப்புக் கூடத்துக்குப் புதிய வேலையும் வந்திருக்கிறது: சில மில்லிமீட்டர் இடைவெளியைப் பெரும்பாலும் அசையாத இறக்கையில் காப்பாற்றினால் போதும் என்ற நிலை போய், ஒரு சுற்றில் பலமுறை திறந்து மூடும் மடலிலும் அதே இடைவெளி ஒவ்வொரு முறையும் அதே அளவுக்குத் திரும்ப வந்தாக வேண்டும்.